கண்ணொளி தந்த டாக்டர் வெங்கடசாமி

எட்டயபுரத்துக்கு அருகே கரிசல் பூமியில் அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள், ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் கோ. வெங்கடசாமி. பிற்காலத்தில் மதுரை மாநகரமே கையெடுத்துக் கும்பிட்ட கண் மருத்துவர் அவர்தாம்.

சிறுவன் வெங்கடசாமி காலையில் எருமைகளை மேய்த்துவிட்டு, வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்து போவான். எழுதுவதற்குத் தாளும் பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, விரலால் எழுதிப் பழகினார்கள் பிள்ளைகள். நோட்டுப் புத்தகத்தில் பாதிப் பக்கம் எழுதிவிட்டுப் புதியது கேட்கும் நாம் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

அவருக்குப் பத்து வயது ஆவதற்குள், உறவினர் வீட்டுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்து போயினர். ஊரில் மருத்துவர் கிடையாது. தாம் மருத்துவராகி இப்படிப்பட்ட தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அவர் மனத்தில் வேரூன்றியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் எம்.பி.பி.எஸ். தேறினார். பிறகு இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்ற அவரது கனவு அங்கேதான் உடைந்தது. முடக்குவாதம் அவர் உடலின் மூட்டுகளையெல்லாம் பற்றிக்கொண்டது. 1948-இல் இராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டு, பல மாதங்கள் படுக்கையிலேயே கிடந்தார். எழுந்து நிற்கவும் இயலவில்லை, பேனாவைப் பிடிக்கவும் இயலவில்லை. விரல்கள் கோணி வளைந்து, கடைசி வரையில் அப்படியே நின்றுவிட்டன. அந்தக் கைகளால் பிரசவம் பார்ப்பது இயலாது. ஆகவே கண் மருத்துவத்துக்குத் திரும்பினார். வளைந்த விரல்களுக்கிடையே கத்தியைப் பிடிக்கப் பொறுமையோடு பழகினார். அந்த விரல்கள் தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன என்றால் நம்பக் கடினமாகத்தான் இருக்கிறது.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுத் தலைவராகவும், நம் தாத்தா பாட்டிமார் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசு மருத்துவமனையின் கண் மருத்துவராகவும் வந்தார். இருபது ஆண்டுகள் அங்கே பணி செய்தார். நோயாளி மதுரைக்கு வரட்டும் என்று காத்திராமல், கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1976-இல் ஓய்வு பெற்றார்.

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க அவர் விரும்பவில்லை. அந்த ஆண்டே அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்கக்கூடியவர் கொடுப்பார். கொடுக்க முடியாதவருக்கு இலவசம். வீட்டை அடமானம் வைத்தும் நகைகளை அடகு வைத்தும் குடும்பமே தோள் கொடுத்தது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அண்ணனோடு நின்றனர். பின்னர் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் எழுந்ததும், 1992-இல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இங்கேயே மலிவாகத் தயாரானதும் பலர் எழுதிவிட்ட செய்திகள்.

நாம் இங்கே சொல்ல விரும்புவது அதிகம் பேசப்படாத ஒன்றை. இந்த மருத்துவமனையின் வேலையில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் கிராமத்துப் பெண்கள்.

டாக்டர்கள் சிலரே, கண் தெரியாதவர்களோ ஏராளம். டாக்டர் மட்டுமே செய்ய வேண்டியதை டாக்டர் செய்யட்டும், மற்றதைச் செய்ய வேறு கைகளைப் பழக்குவோம் என்று வெங்கடசாமி கருதினார். நாச்சியார் அம்மையார் அந்தப் பொறுப்பை ஏற்றார். பள்ளிப் படிப்பை முடித்து, மேலே படிக்க வசதியில்லாமல் நின்ற விவசாயக் குடும்பத்துப் பெண்களைத் தேடினார்கள். மதிப்பெண்ணைவிட உழைப்பும், இரக்கமும், வீட்டாரின் சம்மதமும் முக்கியமாகப் பார்க்கப்பட்டன. இரண்டு ஆண்டுப் பயிற்சி. அடிப்படைப் பாடம் முடிந்ததும் அவரவர் இயல்பைக் கண்டு ஒருவர் கண்ணாடி அளவு பார்க்கவும், ஒருவர் அறுவை அரங்கில் துணை நிற்கவும் அனுப்பப்பட்டார்கள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியை இப்பெண்கள் ஆயத்தம் செய்துவிடுவார்கள். அதனால்தான் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 அறுவைகள் வரையில் செய்ய முடிகிறது. வேலை கடுமைதான். திருமணத்தோடு பலர் விலகுவதும் உண்டு. ஆகையால் பயிற்சி ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இவர்களில் ஒரு பிரிவினருக்குக் கவுன்சலர் என்று பெயர். வார்டில் வோட்டுக் கேட்டு வருபவர் அல்லர். நோயாளிக்கு எடுத்துச் சொல்பவர்! இதற்கு ஏன் பயிற்சி என்று சிலர் கேட்கக்கூடும். இலவசம் என்று சொன்னால் ஏழைகள் ஓடி வந்துவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வரவில்லை. பஸ் செலவு, கூட வர ஆள் இல்லாமை, களையெடுப்பு நேரம், கத்தி என்றாலே பயம், வயதானால் பார்வை மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் ஆகிய எல்லாம் தடுத்தன. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கண் குறை உடையவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தாம் முகாமுக்கு வந்தார்கள் என்று தெரிந்தது. பஸ்ஸும் சோறும் கொடுத்தால் ஒரு பங்கு தடை நீங்கும். பயத்தை நீக்க ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டியின் பேச்சிலேயே பேசியாக வேண்டும். வாடிப்பட்டியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வரும் ஒரு பாட்டிக்கு, தன் பேத்தியைப் போன்ற ஒரு பெண் சொன்னால்தான் மனம் இளகுகிறது.

புரைக்குச் சொல்வது எளிது; பரம்பரைக் கண் நோய்க்குச் சொல்வது அப்படியல்ல. நம் பக்கத்தில் மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பது நெடுநாள் வழக்கம். தாய்மாமனும் மருமகளும் மரபணுக்களில் நாலில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். இருவரிடமும் ஒரே குறையுள்ள மரபணு மறைந்திருந்தால், பிள்ளைக்கு இரு பக்கத்திலிருந்தும் அது வந்து சேரலாம். மாலைக்கண்ணாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பார்வையை அழிக்கும் விழித்திரை நோய்கள் சில இவ்வாறு வருபவை. குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோய் வேறு வகை. அதற்கு உறவுத் திருமணம் காரணமன்று. பரம்பரையாக வரும் வகையானால், பெற்றோரில் ஒருவரிடம் அம்மரபணு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதையெல்லாம் அழுதுகொண்டு நிற்கும் ஒரு தாயிடம், பழியை அவள் தலையில் போடாமல், அடுத்த பிள்ளையைப் பற்றிய முடிவை அவளுக்காக நாமே எடுத்துவிடாமல் சொல்ல வேண்டும். இத்தொழிலுக்கு மரபணு ஆலோசனை என்று பெயர். 1969-இல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில்தான் இதற்கென முதல் பட்ட மேற்படிப்பு தொடங்கியது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மீண்டும் படிக்க வந்த பெண்களையும் மனத்தில் கொண்டு அமைத்த படிப்பு அது. நம் நாட்டில் இப்படிப் பயின்றவர்கள் இன்னும் மிகக் குறைவு. பெரும்பாலும் மருத்துவரே அவசர அவசரமாக இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கும் நம் தோழியர் இந்தப் படிப்பையும் விசாரித்துப் பார்க்கலாம்.

டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மதுரையில் காலமானார். மதுரையிலுள்ள கண் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரம்பரைக் கண் நோய்களின் மரபணுக்களை ஆராய்வது அங்கு நடைபெறும் பணிகளுள் ஒன்று. அவர் காலத்திலேயே, 1992-இல், பிற கண் மருத்துவமனைகளின் ஊழியர்களுக்குக் கற்பிக்க லைகோ என்னும் பயிற்சி நிலையமும் எழுந்தது. வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருபவர்கள் அங்கே கற்கும் பாடங்களில், நோயாளியிடம் பேசுவது எப்படி என்பதும் ஒன்று.