முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

காலில் முள் தைத்தால், மறுநாள் அந்த இடம் சிவந்து வீங்கிச் சுடுகிறது. இந்த அழற்சியை நோய் என்றே நாம் எண்ணுகிறோம். அதுவே உடலின் தற்காப்பு என நிலைநாட்டப் பாடுபட்ட ஒருவரை நம் மன்ற நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் இலியா மெச்னிக்கோவ்.

இன்றைய உக்ரேனில், கார்க்கோவ் நகருக்கு அருகே 1845-இல் பிறந்தவர். ஒடெஸாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார். 1873-இல் முதல் மனைவி காசநோயால் இறந்தபோது, துயரம் தாளாமல் உயிரை விடவும் துணிந்தார். நல்ல வேளையாகப் பிழைத்தார். பல்கலைக்கழகத்தில் அரசியல் பூசல் மிகுந்ததால் 1882-இல் பதவியைத் துறந்து, சிசிலித் தீவின் மெசினாவுக்குச் சென்றார்.

அங்கே வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த ஒரு நாள், அவர் தனியே நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தார். நட்சத்திர மீனின் இளவுயிர் கண்ணாடி போன்றது. உள்ளே அணுக்கள் ஊர்வதைக் காணலாம். இவை பகைவரை எதிர்க்கும் காவலரோ என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. தோட்டத்து ரோஜா முள்ளை அதன் உடலில் செருகினார். மறுநாள் காலை அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன! அந்த உயிருக்கு இரத்தக் குழாய்களே இல்லை. ஆகவே, அழற்சியின் உயிர்நாடி அணுக்களே என்று அவர் முடிவு செய்தார். அடுத்துத் தண்ணீர்த் தெள்ளின் உடலில் புகுந்த காளான் வித்துக்களை அணுக்கள் விழுங்குவதையும் கண்டார்.

மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. வெள்ளணுக்கள் கிருமிகளைச் சுமந்து பரப்புகின்றன என்றனர் பலர். இரத்த நீரிலுள்ள பொருள்களே நம்மைக் காக்கின்றன என்றனர் வேறு சிலர். 1888 முதல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்து அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1908-இல் நோபல் பரிசு அவருக்கும், இரத்த நீரை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. 1916-இல் மெச்னிக்கோவ் காலமானார்.

பகைவன் வந்துவிட்டான் என்பதை அணு எப்படி அறிகிறது? இந்த வினாவுக்கு விடை அவர் காலத்தில் கிட்டவில்லை. 1996-இல் ஜூல் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்னும் ஏற்பி பழுதுபட்ட ஈக்கள் காளானுக்கு இரையாவதைக் கண்டனர். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் எலிகளில் அதையொத்த ஏற்பியைக் காட்டினர். பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை அது உணர்ந்ததும் அணுவுக்குள் செய்தி பாய்கிறது. அணு சுரக்கும் பொருள்கள் இரத்தக் குழாய்களை விரித்து, மற்ற வெள்ளணுக்களை அழைக்கின்றன. சிவப்பும் வீக்கமும் அதன் விளைவே. 2011-இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நண்பர்களே, பதவியும் ஆய்வுக்கூடமும் இல்லாத நிலையில் மெச்னிக்கோவ் கையில் எடுத்தது ஒரு ரோஜா முள். நம் கல்லூரித் தோட்டத்திலும் அது கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்விதான் நம்மிடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.