நாட்குறிப்புச் செல்வர் ஆனந்தரங்கப் பிள்ளை

பொருள் தேடிப் பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில் குடியேறும் குடும்பங்கள் தம்முடன் கொண்டு செல்வன மிகச் சிலவே. குலதெய்வ வழிபாடு, தாய்மொழி, உறவினர் விடுக்கும் கடிதங்கள், வரவு செலவு எழுதிய கணக்கேடு ஆகியவை அவற்றுள் தலையாயவை. முன்னிரண்டையும் நாம் கண்ணெனப் போற்றுகிறோம். பின்னிரண்டையோ காரியம் முடிந்ததும் பரணில் போட்டு மறந்து விடுகிறோம். ஆயின், அங்ஙனம் மறக்கப்பட்ட வணிகக் குடும்பத்து ஏடுகள் ஒரு நூற்றாண்டின் வரலாறாகவே மாறிய அற்புதம் நம் தமிழ்நிலத்தில் நிகழ்ந்ததுண்டு. அவ்வேடுகளை எழுதிய பெருமகனார் புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய வாழ்க்கையை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்து இன்புற வேண்டுமென விழைகிறோம்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையை அடுத்த பெரம்பூரில் தோன்றினார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். இளமையிலேயே அன்னையை இழந்த ஆனந்தரங்கரும் அவர் தம்பியும் தந்தையாரின் அரவணைப்பிலேயே வளர்ந்தனர். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனராகிய நைனியப்ப பிள்ளை அந்நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியாரின் தலைமைத் தரகராக விளங்கினார். அவர் அழைப்பின் பேரில் இக்குடும்பம் சென்னையை விட்டுப் புதுவைக்குக் குடிபெயர்ந்தது. இன்று நாம் உறவினர் ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு புதிய ஊருக்கு வந்து சேர்வது போலவே அன்று அவர்களும் வந்து சேர்ந்தனர்.

வந்த இடத்தில் வாழ்வு எளிதாக அமையவில்லை. 1716இல் ஆளுநர் எபேர் என்பார் நைனியப்பர் மீது குற்றஞ்சாட்டிச் சிறையிலடைத்தார். கடைவீதியில் ஊரார் காணக் கசையடி கொடுத்தலும், மூன்றாண்டுச் சிறைவாசமும், பெருந்தண்டமும் தீர்ப்பாயின. சாட்சிகள் கையொப்பமிட்ட வாக்குமூலங்கள் அவர்கள் படித்தறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தன என்பது பின்னர் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. நெடுநாள் கம்பெனிக்கு உழைத்த நைனியப்பர் 1717இல் சிறையிலேயே உயிர் துறந்தார். திருவேங்கடம் பிள்ளையும் புதுவையை விட்டுச் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. அப்பொழுது ஆனந்தரங்கருக்கு வயது ஏழெட்டுக்கு மேலிராது.

எனினும் அக்குடும்பம் சோர்ந்து ஒதுங்கிவிடவில்லை. நைனியப்பரின் மக்கள் கடல் கடந்து பாரீசுக்கு முறையீட்டுக் கடிதங்கள் விடுத்தனர். மூத்த மகனார் குருவப்ப பிள்ளை தாமே கப்பலேறிப் பிரான்சு நாடு சென்று நீதி கேட்டார். மறைந்தவர் மீதிருந்த பழி துடைக்கப்பட்டது. குருவப்பருக்குச் செவாலியே என்னும் உயர் விருதும் வழங்கப்பெற்றது. தந்தையைக் கொன்ற தீர்ப்பும் ஏட்டில் எழுதப்பட்டதே. அப்பழியைத் துடைத்த முறையீடும் ஏட்டில் எழுதப்பட்டதே. எழுத்து எவர் கையில் இருக்கிறதோ அவர் பக்கமே வழக்கும் சாய்கிறது என்னும் உண்மையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. இச்சூழலில் வளர்ந்த சிறுவரே பின்னாளில் தம் கையால் தமிழில் ஏடு எழுதலானார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

எபேர் பதவி நீங்கியபின் திருவேங்கடம் பிள்ளை புதுவைக்கு மீண்டார். நாடு திரும்பித் தலைமைத் தரகராயிருந்த குருவப்பர் 1724இல் காலமானார். ஈராண்டுகளில், 1726இல், திருவேங்கடம் பிள்ளையும் மறைந்தார். பதினேழு வயதில் குடும்பச் சுமை ஆனந்தரங்கரின் தோள்மீது விழுந்தது. அவருடைய நேர்மையையும் கூர்மதியையும் கண்ட ஆளுநர் லெனுவார், பரங்கிப்பேட்டையில் கம்பெனிக்குரிய துணிச்சாலையை மேற்பார்க்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். இளைஞர் அத்தொழிலைத் தழைக்கச் செய்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் செலவில் வணிகநிலையங்கள் நிறுவி, ஐரோப்பியப் பண்டங்களை உள்நாட்டுச் சரக்குகளுக்கு மாற்றினார். ஆனந்தப்புரவி என்னும் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். புகழை நாடியோ, பிறர் படிக்க வேண்டுமென்றோ அதனை எழுதியதாகத் தெரியவில்லை. வணிகர் ஒருவர் தம் நினைவுக்காகக் குறித்து வைத்த ஏடாகவே அது தொடங்கியது. தமிழாண்டும் திங்களும் நாளும் ஆங்கிலத் தேதியும் முறையே குறித்து, துறைமுகத்திற்கு வந்த கப்பல், அது கொணர்ந்த சரக்கு, கோட்டையில் முழங்கிய பீரங்கிகளின் எண்ணிக்கை, துணியின் விலை, கடன் கொடுத்தவர் வாங்கியவர் விவரம் ஆகியவற்றை எழுதினார். அவற்றினூடே உறவினர் திருமணம், பிள்ளைப்பேறு, நோய், சாவு, தாம் கண்ட கனவு, சோதிடர் கூறிய பலன் ஆகியனவும் இடம் பெற்றன. கடையும் வீடும் அவர் வாழ்வில் எங்ஙனம் பிரியாதிருந்தனவோ அங்ஙனமே ஏட்டிலும் பிரியாதிருந்தன. நடையும் புலவர் நடையன்று; அந்நாளில் புதுவைத் தெருக்களில் மக்கள் பேசிய தமிழ். போர்ச்சுகீசியமும் பிரெஞ்சும் உருதும் தெலுங்கும் கலந்த அத்தமிழ், பல மொழியாளரிடையே வாழும் நமக்கு அயலாகத் தோன்றாது.

1742இல் துய்ப்ளே புதுவை ஆளுநரானார். அப்போது தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் மறைந்தார். அப்பதவிக்குப் போட்டி மிகுந்தது. ஆளுநரின் மனைவியார் பிறருக்காகப் பரிந்து பேசினார். சில காலம் இழுபறிக்குப்பின் பதவி ஆனந்தரங்கரையே வந்தடைந்தது. துபாசி என்பவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கம்பெனிக்கும் நெசவாளருக்கும், ஆளுநருக்கும் நவாபுகளுக்கும் இடையே நின்று இருபுறமும் சொல் காக்க வேண்டியவர். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பியதும், கருநாடகத்திலும் தக்காணத்திலும் அரியணைப் போர்கள் மூண்டதும் அவர் கண்ணெதிரே நிகழ்ந்தன. 1749இல் முசபர் சங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப்தார் பட்டம் அளித்தார். சீனிவாச கவி என்பார் 1752இல் அவர்மீது வடமொழியில் ஆனந்தரங்க விசய சம்பு இயற்றினார்.

இத்துணைப் பெருமைக்கிடையிலும் அவர் தம் ஏட்டில் பொய் கலக்கவில்லை என்பதே நாம் போற்றத்தக்க பண்பு. தமக்கு வாழ்வளித்த துய்ப்ளேயின் திறமையை வியந்து எழுதிய அதே கை, அவ்வாளுநரும் அவர் மனைவியாரும் இழைத்த தவறுகளையும் எழுதியது. 1748இல் முற்றுகைக் காலத்தில் புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. தலைமைத் துபாசியாயிருந்தும் அதனைத் தடுக்க அவரால் இயலவில்லை. அவமதிப்பையும் மக்களின் துயரையும் தம் வேதனையையும் மறைக்காமல் குறித்து வைத்தார். வெளியே பணிந்து நிற்க நேர்ந்த ஒருவர் உள்ளே நிமிர்ந்து நின்றதற்கு அவ்வேடே சான்று. அவரை முற்றும் குற்றமற்றவராகக் காட்டுவதும் நம் நோக்கமன்று. தற்பெருமையும், போட்டியாளர்மீது காழ்ப்பும் அவர் எழுத்தில் உண்டு. அவற்றையும் அவரே நமக்குக் காட்டிச் சென்றார்.

1754இல் துய்ப்ளே திரும்ப அழைக்கப்பட்டார். அத்துடன் பிள்ளையின் செல்வாக்கும் தேயலாயிற்று. உடல்நலமும் குன்றியது. 1756இல் பதவி பறிபோயிற்று. பிறந்த ஆண்மக்களை இழந்த துயரும் அவரை வாட்டியது. ஆயினும் எழுதுவதை அவர் விடவில்லை. ஆங்கிலேயர் புதுவையை வளைத்து, ஊர் பசியால் வாடிக்கொண்டிருந்த வேளையில், 1761 சனவரி 12ஆம் நாள் ஆனந்தரங்கர் மறைந்தார். நான்கு நாட்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர் வளர்த்த வணிகமும் அவர் கண்ட ஆட்சியும் சரிந்தன. அவர் எழுதிய ஏடுகள் மட்டும் எஞ்சின. அவருக்குப்பின் தம்பி மகனாரும் நாட்குறிப்பு எழுதி வந்தார்.

ஏறத்தாழ 85 ஆண்டுகள் அவ்வேடுகள் குடும்பத்தாரின் இல்லத்தில் உறங்கின. 1846இல் கலுவா மோம்பிரான் என்னும் பிரெஞ்சு அலுவலர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பார் எடுத்த படி பாரீசு தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலமோ 1948இல்தான் புதுவையில் அச்சேறத் தொடங்கியது. தமிழர் எழுதிய தமிழேடு ஆங்கிலத்தில் உலகைச் சுற்றிய பின்னரே தமிழில் நம்மை அடைந்தது என்பதை எண்ணி நாம் நாணுதல் தகும். அமெரிக்காவில் பிராவிடன்சு நகரத்துப் பிரௌன் என்னும் வணிகக் குடும்பத்தார் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் நூலகத்தில் பேணப்பட்டு அறிஞர்க்குப் பயன்படுகின்றன. நம்மவரும் எழுதாமலில்லை, எழுதியதைப் பேணுவதிலேயே பின்தங்கினோம்.

நல்லேப்பிள்ளியிலும் சித்தூர் வட்டாரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நமக்கு இவ்வாழ்க்கை கூறும் செய்தி ஒன்றுண்டு. பொள்ளாச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் உறவினர் எழுதிய அஞ்சலட்டைகள், மொய்க்கணக்கு நோட்டுகள், நெல்லும் தேங்காயும் விற்ற வரவுச் சிட்டைகள் நம் இல்லங்களிலும் தகரப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். வெள்ளையடிக்கும்போதும் வீடு மாற்றும்போதும் அவற்றைப் பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடுதல் எளிது. அவற்றிலுள்ள பெயர்களையும் முறைகளையும் விளக்கிச் சொல்லும் முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அவற்றைப் பிரித்து அடுக்கி, நாளும் ஊரும் குறித்து வைத்தல் நம் கடன். மலையாளத்தில் கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்தையும் கற்பித்தாலொழிய, பாட்டனார் கடிதம் பேரனுக்கு அயல்மொழி ஏடாகிவிடும். நைனியப்பர் காலத்தில் பிறர் மொழியில் எழுதப்பட்ட ஏடு ஒரு குடும்பத்தை அழித்தது. நம் காலத்தில் நம் மொழியில் எழுதப்பட்ட ஏடே நம் பிள்ளைகளுக்குப் படிக்க இயலாததாகிவிடலாகாது.

ஆனந்தரங்கர் அரசரல்லர், புலவருமல்லர். நம்மைப் போல் குடிபெயர்ந்து வந்து, கணக்கெழுதிப் பிழைத்த குடும்பத்தில் வளர்ந்தவர். நாள்தோறும் சில வரிகள் எழுதினார். அவர் தம்பி மகனார் அதனைத் தொடர்ந்தார்; குடும்பத்தார் அதனைக் காத்தனர். இம்மூன்றும் நம்மாலும் இயலும். இயற்றுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!