93 வீடு மாறியவர் வரைந்த அலை... உங்க பெட்ரூம் சுவருக்கு வந்த கதை!

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வாடகை வீட்டில் இருக்கிறீர்களா? பத்துக்குப் பத்து பெட்ரூம், ஒரே ஒரு ஜன்னல், உப்புக்காற்றில் பொருக்கு விடும் சுவர், ஆணி அடிக்கவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்ட ஹவுஸ் ஓனர். இந்த ரூமைத்தான் அனிமே ஸ்டைலுக்கு மாத்தணும்னு உங்க வீட்டுப் பிள்ளை ஒத்தைக்கால்ல நிக்கும். இல்லைன்னா அந்தப் பிள்ளையே நீங்கதானோ என்னவோ!

லிஸ்ட் எப்படியும் இப்படித்தான் இருக்கும். லூஃபி, நருட்டோ போஸ்டர். கலர் மாறும் எல்.இ.டி ஸ்ட்ரிப். அலமாரியில் நாலு குட்டி பொம்மைகள், கூடவே சிவப்பாக, உருண்டையாக ஒரு தருமா பொம்மை. அப்புறம் தவறாமல் ஒரு படம்: நுரையெல்லாம் நகம் போல விரிய, எழும்பி நிற்கும் ராட்சத நீல அலை.

காசிமேட்டுப் பக்கம் உங்க வீடு என்றால், அந்தப் படத்தைப் பார்த்ததும் அம்மா முகம் மாறலாம். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவங்க அவங்க. படுக்குற இடத்துல எதுக்குடா இந்த அலைன்னு கேட்டா, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கு. பதில் சொல்லணும்னா அதை வரைந்த மனுஷரைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். அவர் பெயர் ஹொகுசாய்.

ஆற்றங்கரைப் பையன்

1760-ல், இன்றைக்கு டோக்கியோ என்று சொல்கிற எடோ நகரத்தில், சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே பிறந்தவர் ஹொகுசாய். அரண்மனைப் பக்கம் இல்லை. உழைக்கிற ஜனங்களும் கைவினைஞர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 12 வயசு வாக்கில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். 14 வயசில் மரப்பலகையில் படம் செதுக்கும் வேலை. அதாவது, படம் வரையக் கத்துக்கிறதுக்கு முன்னாடியே, அடுத்தவர் வரைந்ததை உளியால் வெட்டிப் பழகிவிட்டார்.

18 வயசு ஆனபோது, நாடக நடிகர்களின் படங்களுக்குப் பேர் போன ஷுன்ஷோவிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்தக் காலத்து ரசிகர்கள் அந்த நடிகர் படங்களை வாங்கிச் சேர்ப்பார்கள். நீங்க இப்போ லூஃபி போஸ்டர் வாங்குறீங்களே, கிட்டத்தட்ட அதே பழக்கம்தான்!

குரு இறந்த பிறகு நிலைமை தலைகீழானது. வேறு பாணிகளையும் கற்றுக்கொண்டதால் அந்தப் பட்டறையிலிருந்து அவரை வெளியேற்றினார்கள் என்று சொல்வார்கள். வயிற்றுப்பாட்டுக்குத் தெருவில் மிளகாய்ப் பொடியும் காலண்டரும் கூவி விற்றார் என்றும் ஒரு பழைய கதை உண்டு. வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை வெச்சுக்கிட்டவர் அவர். அதில் நிலைத்த பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? ஹொகுசாய் என்றால் வடக்குக் கூடம். வட துருவ நட்சத்திரத்தின் மேல் அவருக்கிருந்த பக்தியில் வந்த பெயர். வடசென்னைக்காரங்க இந்த இடத்தில் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

காஞ்சிபுரத்துக்காரர் பொம்மையாக வந்தார்

அந்த உருண்டை தருமா பொம்மை இருக்கே, அது யார்? நம்ம போதிதர்மர்தான். காஞ்சிபுரத்திலிருந்து சீனாவுக்குப் போன பல்லவ இளவரசர் என்று மரபுக் கதைகள் சொல்வது இவரைத்தான். ‘7ஆம் அறிவு’ பார்த்தவங்களுக்கு அறிமுகமே தேவையில்லை. சீனாவிலிருந்து ஜென் பௌத்தத்தோடு அவர் கதையும் ஜப்பான் போய், தருமா ஆகிவிட்டார்.

1804-ல் எடோவில் ஒரு கோயில் திருவிழா. ஹொகுசாய் தரையில் பிரமாண்டமான தாளை விரித்தார். துடைப்பம் போன்ற பெரிய தூரிகை, வாளி வாளியாக மை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, அதே தருமாவின் உருவத்தை வரைந்து முடித்தார். 120 பாய் விரிக்கும் அளவு படம் என்பார்கள். ஜப்பானியப் பாய் ஒன்று ஏறக்குறைய மூன்றுக்கு ஆறு அடி. உங்க பெட்ரூம் மாதிரி இருபது ரூமை ஒட்டிப் போட்டால்தான் அந்தப் படம் அடங்கும்!

பாய் என்றதும் ஒரு டிப்ஸ். அனிமே ரூம் வேணும்னு ஜப்பான் பாயை ஆன்லைனில் காசு கொட்டி வாங்காதீங்க. அதுவும் கோரை போன்ற ஒரு வகைப் புல்லில் பின்னுவதுதான். ஒரு நல்ல கோரைப்பாய், தரையில் தாழ்வான மெத்தை, பக்கத்தில் ஒரு குட்டி மேசை. பாதி வேலை முடிஞ்சது. கட்டில் போனால் சின்ன ரூமே பெருசாகத் தெரியும்.

மங்கா என்ற வார்த்தை

1814-ல் ஹொகுசாய் தன் மாணவர்கள் பார்த்துப் பழகுவதற்காக ஒரு புத்தகம் போட்டார். பெயர் ‘ஹொகுசாய் மங்கா’. மனம் போன போக்கில் வரைந்த படங்கள் என்று அர்த்தம். இன்றைய மங்கா போலக் கதை கிடையாது. மல்யுத்தம் பண்றவங்க, குளிக்கிறவங்க, குண்டு மனிதர், ஒல்லி மனிதர், தவளை, மீன், பேய், காற்றில் பறக்கும் தொப்பி என்று கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே இருக்கும். புத்தகம் பிய்ச்சுக்கிட்டுப் போக, அடுத்தடுத்து பாகங்கள் வந்தன. அவர் இறந்த பிறகும் வந்து மொத்தம் 15 பாகங்கள் ஆயின. நீங்க இன்னைக்கு அனிமேயில் ரசிக்கிற அசைவும் முகபாவமும் இந்தப் பக்கங்களில் அப்பவே துள்ளிக்கொண்டிருந்தன.

எழுபது வயசில் வந்த நீலம்

இனிமேதான் கதையே. 67, 68 வயசில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. 1828-ல் மனைவி இறந்தார். பேரன் ஒருவன் சூதாடிச் சேர்த்த கடனை இந்தத் தாத்தா அடைக்க வேண்டியிருந்தது. கையில் காசில்லை. கிழவர் அவ்வளவுதான்னு ஊர் முடிவு கட்டியிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

அந்த நேரத்தில் துறைமுகம் வழியாக ஒரு கலர் வந்தது. பெர்லினில் தயாரிக்கத் தொடங்கிய பிரஷ்யன் ப்ளூ. அன்றைய ஜப்பானில் நாகசாகி துறைமுகத்தில் டச்சுக்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மட்டும்தான் வியாபார அனுமதி. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணினாங்களே, அதே டச்சுக்காரர்கள்தான். பழைய செடிச்சாயம் போலச் சீக்கிரம் வெளுக்காத அந்த நீலம் மெதுவாக விலை இறங்கி, சாதாரண அச்சகங்களுக்கும் கட்டுப்படியானது.

அந்த நீலத்தை வெச்சு 1830 வாக்கில் ஃபூஜி மலையின் 36 காட்சிகளை ஹொகுசாய் வரையத் தொடங்கினார். வரவேற்பு பலமாக இருந்ததால் கடைசியில் அது 46 ஆனது. அதில் ஒன்றுதான் உங்க அலை. வரையும்போது அவருக்கு வயசு எழுபதைத் தொட்டிருந்தது. எழுபதுக்கு முன்னால் தான் வரைந்த எதுவுமே பெரிதில்லை என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

தனி ஆளாகச் செய்த வேலையும் இல்லை இது. அவர் வரைந்த தாளை மரப்பலகை மேல் ஒட்டி, கோடு கோடாகச் செதுக்கினார் ஒருவர். அதில் மூலப்படமே அழிந்துபோகும். ஒவ்வொரு கலருக்கும் தனிப் பலகை வெச்சு அச்சடித்தார் இன்னொருவர். முதல் போட்டு விற்றவர் பதிப்பாளர். இன்றைய அனிமே ஸ்டூடியோவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

விலை? ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசு! அன்றைக்கு ஆயிரக்கணக்கில் அடித்த அந்தத் தாள்களில் ஒன்று, 2023-ல் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கும் மேல் போனது. 2024-ல் வெளியான ஜப்பானின் 1000 யென் நோட்டிலும் அதே அலைதான். ஆனால் முதலில் அதை வாங்கினவங்க, உங்களையும் என்னையும் போலச் சில்லறையை எண்ணிச் செலவு பண்ற ஜனங்கள்.

படகைப் பாருங்க

இப்போ படத்துக்குப் பக்கத்தில் போங்க. அலையை விடுங்க, அது எப்படியும் கண்ணை இழுக்கும். கீழே பாருங்க. மூன்று நீளமான படகுகள். துடுப்பை இறுகப் பிடித்து, முதுகைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய 30 பேர். அவை உல்லாசப் படகுகள் இல்லை. பிடித்த மீன் கெட்டுப்போகும் முன் எடோ சந்தைக்குக் கொண்டு சேர்க்கிற வேகப் படகுகள். விடியக்காலையில் காசிமேடு ஏலத்துக்குள் மீனை இறக்கிடணும்னு பறக்கிற அதே அவசரம்தான் அதிலும்.

இன்னொன்று. அது சுனாமி இல்லை. சுனாமி நடுக்கடலில் அவ்வளவு உயரமாக எழும்பாது, கரைக்கு வந்துதான் ஊரை அடிக்கும். ஹொகுசாய் வரைந்தது நடுக்கடலில் காற்று எழுப்பும் பேரலை. தொழிலுக்குப் போறவங்க பார்த்துப் பழகின, பயந்த, தாண்டி வந்த அலை. டி-ஷர்ட்டிலும் கப்பிலும் அதை அச்சடிக்கிறவங்க சில நேரம் படகுகளையே வெட்டி எறிஞ்சுடறாங்க. அப்படிப்பட்ட படத்தை வாங்காதீங்க. ஆட்கள் போயிட்டா, அது வெறும் தண்ணீர்.

அம்மாகிட்ட காட்ட வேண்டியதும் அந்தப் படகுகளைத்தான். அதுக்கப்புறமும் படுக்குற இடத்துல வேணாம்னு அவங்க சொன்னா, தயவுசெஞ்சு கேளுங்க. படிக்கிற மேசைக்கு மேலே ஒட்டிக்கலாம்.

எப்படி ஒட்டுவது?

அசல் படம் சுமார் 10-க்கு 15 இன்ச்தான், ஏ3 தாளைவிடக் கொஞ்சம் சின்னது. கையில் எடுத்துப் பார்க்கச் செய்தது. அதனால் சுவர் முழுக்க ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டாம். ஹொகுசாய் இறந்து 175 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தின் இணையதளத்திலேயே தெளிவான படம் இலவசமாகக் கிடைக்கும். மேட் தாளில் கலர் பிரின்ட் எடுத்து, சன் போர்டில் ஒட்டி, டபுள் சைட் டேப் போட்டால் ஆணியே வேண்டாம். கடல் பக்கச் சுவரில் ஓதம் ஏறும், உள்பக்கச் சுவரே நல்லது. பாயில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் ஒட்டுங்க. அப்போதான் படகு தெரியும்.

அந்த வீட்டில் என்ன இருந்தது?

ஹொகுசாய் தன் ரூமை எப்படி வெச்சிருந்தார்? கேட்டால் சிரிப்பீங்க. குப்பையாக! விவாகரத்தாகித் திரும்பி வந்த மகள் ஓயி அவரோடுதான் இருந்தார். அவரும் கைதேர்ந்த ஓவியர். ராத்திரி நேரத்து விளக்கொளியும் நிழலும் அவர் கையில் அப்படிப் பேசும். அப்பாவும் மகளும் சமைப்பதும் இல்லை, பெருக்குவதும் இல்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டு, பொட்டலத்தை அப்படியே போட்டுவிட்டு வரைவார்கள். குளிருக்குப் போர்வையை மூடிக்கொண்டு, தரையில் குனிந்து வரையும் கிழவரையும் பக்கத்தில் மகளையும் ஒரு மாணவர் படமாகவே வரைந்து வைத்திருக்கிறார். வீடு தாங்க முடியாத அளவுக்கு அழுக்கானால்? வேறு வீடு! இப்படி 93 முறை வீடு மாறினார் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கு. ஷிஃப்டிங் வண்டிக்கு வருஷா வருஷம் அழுகிறவங்க கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம்.

1839-ல் ஒரு தீ விபத்து. அதுவரை சேர்த்து வைத்திருந்த படங்கள் எரிந்துபோயின. அப்போது வயசு 79. திரும்பவும் தூரிகையை எடுத்தார். 80 தாண்டிய பிறகு கொஞ்ச காலம், தினமும் காலையில் ஒரு சிங்கம் வரைவதை வழக்கமாக்கினார். கெட்டது அண்டாமலிருக்க ஒரு வேண்டுதல் மாதிரி.

நாம் அவரிடமிருந்து எடுத்துக்க வேண்டியது குப்பையை இல்லை, அந்தக் காலைச் சிங்கத்தை. உங்க பட்ஜெட் 2000 ரூபாய்தான் என்றால், அதையெல்லாம் பொம்மைக்கும் லைட்டுக்கும் கொட்டாதீங்க. ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் குட்டி மேசை ஒன்று. அதன் மேல் ஒரு நோட்டு, நாலு பென்சில், ஒரு நீல மை பாட்டில். கலர் மாறும் ஸ்ட்ரிப்புக்குப் பதிலா, ஓயியின் படங்களில் வருவது போல மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரே ஒரு விளக்கு. அனிமே பார்க்கிற ரூம் எல்லார் வீட்டிலும் இருக்கு. வரைகிற ரூம்தான் அபூர்வம்.

1849 மே மாதம் ஹொகுசாய் கண் மூடினார். ஜப்பானியக் கணக்கில் வயசு 90. இன்னும் பத்து வருஷம், இல்லை ஐந்தே வருஷம் கிடைத்திருந்தால்கூட உண்மையான ஓவியன் ஆகியிருப்பேனே என்பதுதான் கடைசி நேரத்தில் அவருடைய ஏக்கம் என்பார்கள். நிலையான முகவரியே இல்லாமல் அலைந்தவருக்கு, அவர் பிறந்த சுமிதா பகுதியிலேயே 2016-ல் மியூசியம் திறந்தார்கள்.

அடுத்த வீட்டுக்கு மாறும்போது டேப்பைப் பிரித்து அந்த அலையையும் கூடவே எடுத்துக்கோங்க. வீடு மாறுவது அதுக்கொன்றும் புதுசில்லை!