பீத்தோவன் மறைத்து வைத்த துயர்

1800 ஆம் ஆண்டு ஏப்ரல் 2 ஆம் திகதி, வியன்னா நகரின் பேர்க் அரங்கில் ஓர் இசைக் கச்சேரி நடந்தது. ஏற்பாடு செய்தவர் 29 வயது இளைஞர் லுட்விக் வான் பீத்தோவன். முதலில், மறைந்த மேதை மொஸார்ட்டின் சிம்பொனி ஒலித்தது. பின்னர் பீத்தோவன் தமது கொன்செர்ட்டோ ஒன்றைப் பியானோவில் வாசித்தார். சிம்பொனி என்பது முழு இசைக்குழுவுக்கும் உரிய நீண்ட படைப்பு. கொன்செர்ட்டோவிலோ ஒரு வாத்தியம் தனித்து நின்று அக்குழுவோடு உரையாடும். தம் ஆசான் ஹைடனின் இசைக்கும் அவர் அன்று இடம் கொடுத்தார். நிறைவாகத் தமது முதலாவது சிம்பொனியை அரங்கேற்றினார். மூத்தோரை ஒதுக்காமல் அவர்களோடு சேர்ந்து நின்றே தம் புதுமையைக் காட்டினார்.

அவர் 1770 இல் ஜேர்மனியின் பொன் நகரில் பிறந்தவர். 1787 இல் தாயை இழந்தார். தந்தை மதுவுக்கு அடிமையானதால் தம்பியர் இருவரின் பொறுப்பும் இளமையிலேயே அவர் தோளில் விழுந்தது. 1792 இல் வியன்னா வந்து ஹைடனிடம் பயின்று புகழ் பெற்றார்.

ஆனால் அந்தக் கச்சேரியின்போதே அவரது செவிப்புலன் குன்றத் தொடங்கியிருந்தது. இசைக்கலைஞருக்குக் காது கேட்கவில்லை என்று எப்படி வெளியில் சொல்வது? அவர் மக்கள் கூடும் இடங்களைத் தவிர்த்தார். 1802 இல் ஹைலிகென்ஸ்டாட் கிராமத்தில் தங்கியிருந்தபோது, வாழ்வே வெறுத்த நிலையிலும் கலையே தம்மைத் தடுத்து நிறுத்தியதைச் சகோதரர்களுக்கு எழுதினார். அக்கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை.

இதை வாசித்தபோது எனக்கு என் உம்மும்மாவின் நினைவு வந்தது. அவருக்கும் காது மந்தம். நாங்கள் பேசுவது விளங்காவிட்டாலும் சிரித்துத் தலையசைப்பார். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு தனிமை இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

1808 டிசம்பரில் தமது நான்காவது பியானோ கொன்செர்ட்டோவை அரங்கில் வாசித்தார் பீத்தோவன். அதன் பின் எந்தக் கொன்செர்ட்டோவையும் அவர் மேடையில் வாசிக்கவில்லை. ஐந்தாவதை 1811 இல் லைப்சிக் நகரில் வேறொருவர் வாசித்தார். ஆயினும் அவரது எழுதுகோல் ஓயவில்லை.

1824 மே 7 இல் ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியது. இசைக்குழுவைப் பார்த்தபடி நின்ற அவருக்குப் பின்னால் எழுந்த கரகோஷம் கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைச் சபையை நோக்கித் திருப்பினார் என்பர். கேட்க முடியாத வாழ்த்தை அவர் கண்ணால் கண்டார். 1827 மார்ச் 26 இல் அவர் காலமானார்.

பீத்தோவனைப் போல் இசையமைக்க நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் அந்தப் பாடகி செய்ததை நம் வீட்டிலேயே நாம் ஒவ்வொருவரும் செய்யலாம் அல்லவா?