ஊர்க் கணக்கு எழுதிய குமரப்பா

மலர்க்குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் போன் செய்து, இந்த வருஷ மலருக்கு நீயும் ஒரு கட்டுரை எழுதித் தரணும் என்று கேட்டார். ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியும் ஒர்க்‌ஷாப்பில் தேய்த்த இரும்பைப் பற்றியும் நம்மில் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் நான் வேறு ஒரு மாணவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் அல்ல. நம் தாத்தாக்கள் காலத்துக்கும் முந்தி, லண்டனிலும் அமெரிக்காவிலும் படித்த தஞ்சாவூர்க் கிறிஸ்தவர். பெயர் ஜே.சி.குமரப்பா.

அவர்மேல் எனக்கு ஏன் அக்கறை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் எங்க ஊரைத் தாண்டித்தான் கல்வராயன் மலை ஏறணும். பக்கத்தில் கோமுகி அணை. மலையிலிருந்து கடுக்காய், புளி, தேன் எல்லாம் கீழே இறங்கும். கீழே எங்கு பார்த்தாலும் கரும்பு. என் காலேஜ் பீஸ் முழுக்கக் கரும்புப் பணம்தான். படிப்பு முடிந்து சில வருஷம் இங்கே வேலை, அப்புறம் மூணு வருஷம் துபாய். அங்கே கூட இருந்த நண்பர் ஒருவர்தான் குமரப்பாவின் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பொழுது போகட்டும் என்றுதான் பிரித்தேன். நாலு பக்கம் தாண்டியதும், யாரோ என் பர்ஸைத் திறந்து கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது.

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். முழுப்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் உத்தியோகம், அம்மா எஸ்தர். ஜெபமும் ஒழுங்கும் உள்ள வீடு. முதல் உலகப்போருக்குச் சற்று முன் கணக்குத் தணிக்கை படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். படித்துத் தேறி அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா கூப்பிட்டதால் 1919-ல் திரும்பி வந்தார். வந்தாரே தவிர, உடுப்பிலும் பேச்சிலும் சாப்பாட்டிலும் முழு வெள்ளைக்காரராகத்தான் வந்தார். பம்பாயில் கொர்னேலியஸ் அண்டு தாவர் என்ற தணிக்கை நிறுவனம் நடத்தி நன்றாகச் சம்பாதித்தார். அந்தக் காலத்து மாப்பிள்ளை மார்க்கெட்டில் அவருக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1927-ல் ஓய்வுக்காக அமெரிக்கா போனார். சும்மா உட்கார்ந்திருக்க மனமில்லாமல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் படிப்பில் சேர்ந்து 1928-ல் பட்டம் வாங்கினார். வயது முப்பத்தாறு! அரியர் வைத்த நண்பர்கள் தைரியம் கொள்ளலாம். அடுத்து நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம்.

அங்கேதான் திருப்பம். ஒரு சர்ச்சில் இந்தியாவைப் பற்றிப் பேச அழைத்தார்கள். வெளிநாட்டில் படிக்கிற கிறிஸ்தவப் பையன், தாயகத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்காருவான் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. வரி விஷயத்தில் உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் செலிக்மன் அதைப் பார்த்துவிட்டு, ஆய்வையே இந்தப் பொருளில் செய்யச் சொன்னார். குமரப்பா இந்திய அரசின் வரவுசெலவை ஒரு தணிக்கையாளர் கண்ணோடு புரட்டினார். விவசாயி கட்டுகிற வரி எவ்வளவு, அதில் படைக்கும் கடன் வட்டிக்கும் லண்டனில் கொடுக்கிற பென்ஷனுக்கும் போவது எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் மிஞ்சுவது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அதுவரை அவர் தணிக்கை செய்தது கம்பெனிகளின் கணக்கைத்தான். தன்னை வளர்த்த ஆட்சியின் கணக்கை அவர் பார்த்ததே இல்லை. அந்த ஆட்சிதான் சர்ச்சுக்கும் ஆதரவு, தனக்கும் மரியாதை. இந்த இரண்டையும் விட்டுவிட்டு உண்மையை எழுதணும். எழுதினார்.

1929-ல் பம்பாய் திரும்பியதும் ஆய்வை அச்சிட வழி தேடினார். காந்தியைப் பாருங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் பட்டு சூட்டும் கைத்தடியுமாய்ப் போய்ச் சேர்ந்தார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சற்று உலாவினார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்த்து நின்ற குமரப்பாவிடம், நீங்கள்தானே குமரப்பா என்று அந்தக் கிழவரே கேட்டபோதுதான் ஆள் யாரென்று புரிந்தது. சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆய்வு காந்தியின் யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வந்தது. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பியதும் இந்தச் சமயத்தில்தான்.

காந்தி அவரிடம் முதலில் ஒப்படைத்தது மேடையை அல்ல, சர்வே வேலையை. குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை வீடு வீடாகக் கணக்கெடுக்கணும். குஜராத்தி பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்கள் துணையோடு கிராமம் கிராமமாகப் போய் எடுத்தார். 1931-ல் அது புத்தகமாக வந்தது. ஊர் ஏழையாக இருக்கிறது என்று மேடையில் பேசுவது சுலபம். எத்தனை மாடு, எத்தனை கிணறு, எவ்வளவு கடன் என்று எழுதிவைப்பது கஷ்டம். நம் சர்வே கேம்ப்பில் ரெண்டு நாள் வெயிலுக்கே நாம் சுருண்டு விழுந்தோமே!

உப்புச் சத்தியாகிரகம் வந்தது. யங் இந்தியாவில் எழுதியதற்காக 1931-ல் சிறை, 1932-ல் மறுபடியும் சிறை. அரசோடு மோதுவது அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. சொந்தச் சபையோடு மோத வேண்டி வந்ததுதான் பெரிய வலி. சட்டமறுப்பு கிறிஸ்தவனுக்கு ஆகாது என்று கல்கத்தா பேராயர் வெஸ்ட்காட் நிலை எடுத்தார். குமரப்பா அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி வாதாடினார். நிராயுதபாணிகளை அடிக்கும்போது வாய் மூடியிருக்கிற சபை எந்த இயேசுவின் சபை என்பதே அவர் வாதத்தின் சாரம். சபையோடு சண்டை போட்டார் என்பதற்காக அவர் விசுவாசத்தை விட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விசுவாசம் வேறு, திங்கட்கிழமை வியாபாரம் வேறு என்று பிரிக்க அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1934 ஜனவரியில் பீகாரில் பூகம்பம். நிவாரணப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குமரப்பாவுக்கு வந்தது. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூன்றணா என்று விதி போட்டார். காந்தி தன் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, இவர்கள் செலவுக்கு நிவாரண நிதியிலிருந்து காசு தர முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். உடன் இருந்தவர்களுக்கு முகம் சுருங்கியது. காந்தி அது சரிதான் என்று ஏற்றுக்கொண்டார். லண்டனில் படித்த தணிக்கைப் படிப்பு வீணாகவில்லை பாருங்கள்.

அந்த வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியது. நடத்தியவர் குமரப்பா. இந்தப் பகுதிதான் நம்மைப் போன்ற எஞ்சினீயர்களுக்கானது. அவர் யந்திரத்தையே வெறுத்தவர் என்று ஒரு பேச்சு உண்டு, அது தப்பு. மகன்வாடி வளாகத்தில் செக்கைத் திருத்தினார்கள், கைக்காகிதம் செய்தார்கள், தேனீ வளர்த்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை வடிவமைத்தார்கள். தாவர எண்ணெய் கெட்டியானது, மண்ணெண்ணெய் மாதிரி திரியில் சுலபமாக ஏறாது. அதைப் பிரகாசமாக எரிய வைப்பது நல்ல டிசைன் வேலை. கிராமத்துக் காசு எண்ணெய்க் கம்பெனிக்குப் போகாமல் எண்ணெய் ஆட்டுகிறவனிடமே நிற்கணும் என்பது அந்த டிசைனின் நோக்கம்.

1942 போராட்டத்துக்குப் பின் ஜபல்பூர் சிறையில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945-ல் வந்தன. ஒரே ஜெயில் அறையில் ஒரு கை பைபிளையும் மறு கை செக்கையும் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தி அவருக்குத் தெய்வ சாஸ்திரத்துக்கு ஒன்று, கிராமத் தொழிலுக்கு ஒன்று என இரண்டு டாக்டர் பட்டங்களை விளையாட்டாகக் கொடுத்தார். கொலம்பியா கொடுத்த எம்.ஏ.வை விட இவை அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்து 1949-ல் அறிக்கை கொடுத்தார். டெல்லி வேறு பாதையில் போனது. உடம்பும் கெட்டது. 1950-களில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதனுக்கு வந்து தங்கிவிட்டார். அங்கே அவர் குடிலில் காந்தி படத்தோடு ஓர் ஏழைக் குடியானவர் படமும் இருந்ததாம். காந்தி என் குரு, இவர் என் குருவின் குரு என்று வந்தவர்களுக்கு விளக்குவாராம். 1960-ல் மதுரையில் காலமானார். தேதி ஜனவரி 30, காந்தி மறைந்த அதே நாள்.

இப்போ என் பிரச்சினைக்கு வருகிறேன். நல்ல நன்செய் நிலத்தையும் தண்ணீரையும் கரும்புக்குக் கொடுக்காதே, அதில் தானியம் போடு, இனிப்புக்குப் பனை இருக்கிறது என்பது குமரப்பாவின் கட்சி. எங்க ஊரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நானே முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. கரும்பு இல்லாவிட்டால் நான் இந்த மலரில் எழுதவே வந்திருக்க மாட்டேன். கையால் குத்துவது என்றால் உரலைப் பிடிப்பது யார் கை என்றும் கேட்கணும். மலையில் சாமை குத்திய பெண்களிடம் கேட்டால் மிஷினே மேல் என்றுதான் சொல்லுவார்கள்.

ஆனால் துபாயிலிருந்து திரும்பி வந்ததும் அவர் சொன்ன வேலையில் ஒன்றை மட்டும் செய்தேன். அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து எங்க ஒரு ஏக்கர் கரும்புக்குக் கணக்கு எழுத ஆரம்பித்தேன். கரணை, உரம், மோட்டார், வெட்டுக் கூலி, வண்டி வாடகை. ஆலைக்கு அனுப்பினால் என்ன, பழையபடி ஆலைக்கொட்டாயில் வெல்லம் காய்ச்சினால் என்ன, பாதி நிலத்தில் சாமை போட்டால் என்ன என்று மூணு பத்தி. எங்க வீட்டில் இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. அப்பாவின் உழைப்புக்கு எவ்வளவு கூலி போடுவது என்ற இடத்தில் ரெண்டு பேருக்கும் தகராறு. எதுக்கு அதையெல்லாம் எழுதுறே என்கிறார் அவர். எழுதாவிட்டால் கணக்கே இல்லை என்கிறேன் நான். நோட்டு அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது. சந்திப்பு நாளன்று கையோடு கொண்டு வருகிறேன். விவசாய வீட்டு அண்ணன் தம்பிகள், தங்கைகள், யாராவது மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள்.