போர்வை தைத்த ஹாரியட் பவர்ஸ் அம்மையார்

பெரியோர் வரலாறு என்றவுடன் அரசரும் படைத்தலைவரும் நூலாசிரியரும் அருட்பணியாளருமே நம் நினைவுக்கு வருகின்றனர். பகலெல்லாம் வயலிலும் அடுக்களையிலும் பாடுபட்டு, அந்தி சாய்ந்தபின் விளக்கொளியில் ஊசியும் நூலும் பிடித்த பெண்மக்களின் வரலாற்றை எழுதி வைப்பார் அரியர். அவர்தம் கைவேலையோ விரித்தும் போர்த்தும் துவைத்தும் சில ஆண்டுகளில் நைந்து மறைகின்றது. அவ்வாறு மறையாமல் தப்பிய இரண்டே போர்வைகளால் உலகப் புகழ் பெற்ற ஓர் அம்மையாரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவதே எம் நோக்கம். அவர் பெயர் ஹாரியட் பவர்ஸ்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், ஆதென்ஸ் என்னும் ஊரை அடுத்து, 1837-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் அவர் அடிமையாகப் பிறந்தார். அந்நாளில் அந்நாட்டின் செல்வமெல்லாம் பருத்தி. அப்பருத்தியை விதைத்தும் களையெடுத்தும் கொய்தும் உழைத்தவரோ ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். தாம் கொய்த பருத்தியில் ஒரு பிடியேனும் தமதென்று கொள்ள அவர்க்கு உரிமையில்லை. தம் உடலும் தாம் ஈன்ற மக்களுமே பிறர் உடைமையாயிருக்கப் பருத்தியைப் பற்றிப் பேசுவானேன்! அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றமென அம்மாநிலம் 1829-இல் சட்டமும் செய்திருந்தது.

ஹாரியட் 1855-இல் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பாரை மணந்து பல மக்களுக்குத் தாயானார். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் அவருக்கு விடுதலை கிட்டியபோது அகவை இருபத்தேழு. அதன் பின்னர்க் கணவனும் மனைவியும் அரும்பாடுபட்டு உழைத்து, 1880-ஆம் ஆண்டுகளில் நான்கு ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராயினர். அடிமையாய்ப் பிறந்தார்க்கு அந்நான்கு ஏக்கர் ஓர் அரசுக்கு ஒப்பானதன்றோ!

அம்மையாரின் கைத்தொழிலை அறியுமுன் அந்நாட்டுப் போர்வையின் இயல்பை அறிதல் வேண்டும். அங்கே மாரிக்காலக் குளிர் கொடியது. ஏழையர் கம்பளி வாங்க மாட்டாமையின், உடைகள் தைத்தபின் எஞ்சிய துண்டுகளையும், கிழிந்த சட்டை பாவாடைகளின் கிழியாத பகுதிகளையும் சேர்த்து வைப்பர். அவற்றை இணைத்து மேற்றுணி ஆக்கி, அதன்கீழ்ப் பஞ்சைப் பரப்பி, அடியில் மற்றொரு துணியை வைத்து, மூன்றும் விலகாதவாறு நெடுக ஓட்டுத்தையல் போடுவர். துண்டுகளைப் பக்கம் பக்கமாக இணைப்பது ஒரு முறை. மனிதர், விலங்கு, விண்மீன் முதலிய உருவங்களைத் துணியில் வெட்டி, வேறொரு துணியின்மேல் வைத்து ஓரம் தைப்பது மற்றொரு முறை. தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைக் கண்டார்க்கு இப்பின்னைய முறை புதிதன்று. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த தஹோமி நாட்டாரும் இவ்வாறே உருவந் தைத்தனர். அம்மையாரின் உருவங்கள் அவற்றை ஒத்திருத்தலை அறிஞர் சிலர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

1886-ஆம் ஆண்டில் ஆதென்ஸ் நகரில் ஒரு பருத்திக் கண்காட்சி நடந்தது. அதில் அம்மையார் தாம் தைத்த போர்வையொன்றைக் காட்சிக்கு வைத்தார். அது பதினொரு கட்டங்களை உடையது. ஒவ்வொரு கட்டமும் திருமறையின் ஒரு நிகழ்ச்சி. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்கின்றனர். காயீன் ஆபேலைக் கொல்கின்றான். பின்னர் நோத் தேசம் செல்கின்றான். யாக்கோபு கனவு காண்கின்றான். கிறிஸ்துவின் ஞானஸ்நானமும் இராப்போஜனமும் சிலுவைப்பாடும் தனித்தனிக் கட்டங்களாகத் திகழ்கின்றன. யூதாசின் கட்டத்தில் அவன் பெற்ற முப்பது வெள்ளிக்காசுகளும் உள. அவை வெள்ளை நிறத்தனவல்ல. பச்சைச் சீட்டித்துணியில் வெட்டப்பட்டவை. கைக்கு எட்டிய துணியைக் கொண்டே கருதிய பொருளை உணர்த்துதல் ஏழையின் கலை. கையாலும் தையல் இயந்திரத்தாலும் தைத்து அவர் இதனை முடித்தார்.

அக்கண்காட்சிக்கு வந்தவருள் ஜென்னி ஸ்மித் என்னும் வெள்ளையர் பெண்மணி ஒருவர் இருந்தார். அவ்வூர்ப் பெண்கள் கல்விச்சாலையொன்றில் ஓவியம் கற்பித்தவர். பாரிஸ் மாநகர் சென்று ஓவியம் பயின்றவர். ஒரு மூலையில் தொங்கிய அப்போர்வையைக் கண்டு வியந்து, தைத்தவரைத் தேடிச் சென்று விலைக்குக் கேட்டார். எவ்விலைக்கும் தருவதற்கில்லை என்று அம்மையார் மறுத்துவிட்டார். பஞ்சத்திலும் உழைப்பிலும் பிறந்த பிள்ளையை விற்கும் தாய் யார்?

ஆயினும் காலம் மாறிற்று. சில ஆண்டுகள் கழிந்தபின் அக்குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. போர்வையை விற்க இசைந்து அம்மையாரே செய்தி அனுப்பினார். அப்பொழுதோ ஸ்மித் அம்மையாரிடம் பணமில்லை. 1891-இல் அவர் மீண்டும் கேட்டனுப்ப, அம்மையார் மாட்டுவண்டியில் ஏறி வந்தார். துவைத்த மாவுப்பை ஒன்றில் போர்வையைச் சுற்றி, அதன்மேல் ஒரு கோணியையும் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டு வந்தார். அவர் கேட்ட விலை பத்து டாலர். தம்மால் இயல்வது ஐந்தே என்றார் ஸ்மித். அம்மையார் வெளியே சென்று கணவரைக் கலந்தார்; காலக் கொடுமையை எண்ணிப் பெற்றுக்கொள்ளுமாறு கணவர் கூறவே, ஐந்து டாலருக்குப் போர்வை கைம்மாறியது.

இவ்விடத்தில் எம் மனம் இருபாற்படுகின்றது. பல திங்கள் உழைப்புக்கு ஐந்து டாலர் ஈடாகுமோ என்று ஒருபால் வருந்துகின்றோம். அன்று அது விற்கப்படாதிருப்பின் நமக்கு எஞ்சியிருக்குமோ என்று மற்றொருபால் எண்ணுகின்றோம். வருத்தத்தை மாற்றும் வேறொன்றும் அன்று நிகழ்ந்தது. போர்வையைக் கொடுத்துப் பிரியுமுன் அம்மையார் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் எடுத்து விளக்கினார். ஸ்மித் அவற்றை ஒன்றுவிடாது எழுதி வைத்துக்கொண்டார். தம் வீட்டில் மிஞ்சும் துண்டுத் துணிகளை அவருக்கெனச் சேர்த்து வைப்பதாகவும் வாக்களித்தார். அதன் பின்னரும் அம்மையார் பலமுறை அவ்வீட்டுக்கு வந்து, தாம் பெற்ற பிள்ளையைப் பார்ப்பார்போலத் தம் போர்வையைப் பார்த்துச் சென்றார்.

1895-இல் அட்லாண்டா நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஸ்மித் அப்போர்வையை வைத்தார். பின்னர் அட்லாண்டா பல்கலைக்கழக ஆசிரியரின் மனைவியர், அம்மையாரின் மற்றொரு போர்வையைப் பெற்று, 1898-இல் சார்லஸ் கத்பர்ட் ஹால் என்னும் போதகருக்குப் பரிசாக அளித்தனர். நியூயார்க்கிலுள்ள யூனியன் இறையியற் கல்லூரியின் தலைவராயிருந்த இவரே 1902-03-இலும் 1906-07-இலும் நம் இந்திய நாட்டுக்கு வந்து பாரோஸ் சொற்பொழிவுகளை ஆற்றியவர் என்பதை அறியுங்கால், எங்கோ தைத்த போர்வை சற்றே நம் அண்மையில் வருகின்றது.

இவ்விரண்டாம் போர்வைக்குக் கட்டங்கள் பதினைந்து. யோபு, மோசே, யோனா முதலியோரோடு உலக நிகழ்ச்சிகளும் இதில் இடம் பெற்றன. 1780-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் பட்டப்பகலில் இருள் கவிந்தது ஒரு கட்டம். அது காட்டுத்தீயின் புகையால் நேர்ந்தது என்பர். 1833-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் எரிமீன்கள் மழையெனப் பொழிந்தது மற்றொரு கட்டம். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாளின் கடுங்குளிர் வேறொன்று. முதலிரண்டும் அம்மையார் பிறக்குமுன் நிகழ்ந்தவை. முதியோர் வாய்மொழியாகவே அவர் செவிக்கு எட்டியவை. ஜார்ஜியாவிலிருந்து வடக்கே வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய பெட்ஸ் என்னும் பன்றியும் இதிலுண்டு. தளை நீங்கி வடக்கே ஓடிய அடிமைகளின் நினைவே அப்பன்றி என்று கருதுவாரும் உளர்.

அம்மையார் எழுத்தறியாதவர் என்றே நெடுங்காலமாக எழுதி வந்தனர். அக்கருத்துப் பிழையென 2009-இல் தெரிய வந்தது. 1896-இல் அவர் விடுத்த மடலொன்றின் வாசகம் அவ்வாண்டில் வெளிப்பட்டது. வெள்ளையர் குழந்தைகளின் துணையால் எழுத்துக்களைக் கற்றுத் திருமறையைத் தாமே பயின்றதை அவர் அதிற் கூறியுள்ளார். 1882-இல் பாப்டிஸ்ட் சபையொன்றில் சேர்ந்தபின், இரண்டாயிரத்தைந்நூறு சாய்சதுரத் துண்டுகளால் இராப்போஜனப் போர்வையொன்றைத் தைத்ததையும் குறித்துள்ளார். அதுவும் அவர் தைத்த பிறவும் இன்று கிடைத்தில. ஆகவே அறியாமையால் அன்று, அறிவோடு ஆய்ந்தே அவர் உருவங்களை அமைத்தார் எனத் துணியலாம். பிறர் ஒருவரைப் பற்றி எழுதுவது நன்றே. அவர்தம் மொழியைத் தேடிக் காண்பது அதனினும் நன்று.

முதுமையில் அம்மையாருக்கு இன்பம் மிகுதியாக வாய்த்திலது. அருமையாகத் தேடிய நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போயிற்று. கணவரும் அவருக்கு முன்னரே மறைந்தார். 1910-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அம்மையார் காலமானார். ஆதென்சிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் அவர்தம் கல்லறைக்கல் காணப்பட்டதே 2005-இல்தான். அதுவரை அவர் இறந்த ஆண்டையே தவறாகக் குறித்து வந்தனர். ஸ்மித் அம்மையார் 1946-இல் இறக்குமளவும் முதற்போர்வையைப் போற்றி வைத்திருந்தார். இன்று அது வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. இரண்டாவது 1964-இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சிச்சாலையைச் சேர்ந்தது. ஒரே தாய் ஈன்ற இவ்விரண்டும் முதன்முறையாக ஒரே இடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது 2021-இல், அப்பாஸ்டன் சாலையில்தான். வறுமையாற் பிரிந்தவை கூடுவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஐந்து டாலர் அப்போர்வையின் துணியைக் காத்தது; ஸ்மித் அமர்ந்து கேட்டு எழுதிய சில தாள்களே அதன் பொருளைக் காத்தன. அத்தாள்கள் இல்லையேல் பச்சை வட்டங்கள் முப்பது வெள்ளிக்காசுகளென எவர் அறிவார்?

விடுதியில் வாழும் எம்மிற் பலருடைய பெட்டிகளில், தாயோ பாட்டியோ பழம்புடவைகளை மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்த போர்வையொன்று கிடக்கின்றது. நண்பர் நகைப்பரென்று அதனை அடியில் மறைத்து வைப்பாரும் உளர். அதில் எப்புடவை எம்மணநாளில் உடுத்தது, எது எக்குழந்தைக்குத் தூளியாயிற்று என்பதைத் தைத்தவரே அறிவர். அவர் நம்மோடு என்றும் இருப்பவரல்லர். ஆதலின் வரும் விடுமுறையில் அப்போர்வையை அவர்முன் விரித்து, ஒவ்வொரு துண்டாகச் சுட்டிக் கேட்டு, அவர் கூறுவதைக் கூறியவாறே எழுதி வைப்போமாக. இலக்கணமும் இலக்கியமும் கற்கும் யாம் அச்சிறு பணியையேனும் செய்யாவிடின், கற்றதனாற் பெற்ற பயன் குறைவேயாகும்.