ஸ்ரீ ஜி. டி. நாயுடு: கையால் கற்ற கல்வி

ஆர்.கே.பேட்டையிலும் சுற்றுக் கிராமங்களிலும் தறியோசையின் நடுவே வளர்ந்த வாலிபர் பலர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளை நாடிச் செல்கின்றனர். யந்திரத் தொழிலில் பிரவேசிக்கும் இவர்கள் அவசியம் அறிய வேண்டிய சரித்திரம், கோயமுத்தூர் ஸ்ரீ ஜி. டி. நாயுடுவினுடையது.

1893-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி, கோயமுத்தூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பமொன்றில் அவர் ஜனித்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ருசிக்கவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு அது நின்றது. வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததை ஒருநாள் கண்டார். மாடோ குதிரையோ இன்றி ஓடிய அவ்வண்டி அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டது. ஹோட்டலில் சிப்பந்தி வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். ஏறி உலாவுவதோடு அவர் திருப்தியடையவில்லை. பாகம் பாகமாய்ப் பிரித்தார், மறுபடி பூட்டினார். ஆசானும் புஸ்தகமும் அவ்வண்டியே. இவ்விதம் மெக்கானிக்கானவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டலானார். அந்த ஒன்று பலவாகி, யூ. எம். எஸ். என்னும் பெரும் ஸ்தாபனமாயிற்று.

அக்காலத்தில் வண்டிகள் பல, வெறுஞ் சட்டமும் எஞ்சினுமாகவே சீமையிலிருந்து வந்திறங்கின. மேற்கூடு கட்டியவர்கள் நம் நாட்டுத் தச்சரும் கொல்லருமே. 1840-ல் சென்னையில் தோன்றிய ஸிம்ஸன் கம்பெனி, குதிரைக் கோச்சில் ஆரம்பித்து மோட்டார்க் கூட்டுக்கு வந்தது. துணிக்கூரையிட்ட டூரரும், நாற்புறமும் அடைத்த ஸலூனும் மரச்சட்டத்தின்மேல் தகடு அறைந்து உருவாயின. ஆதலின், அத்தகைய பழைய வண்டியைப் புதுப்பிக்கப் புகுவோனுக்கு வேண்டிய பாகமெல்லாம் கடையில் கிடைத்துவிடாது. மக்கிய மரத்தை அளந்து மாற்று மரம் செதுக்கவும், துருத் தின்ற தகட்டை வெட்டிப் புதுத் தகட்டைத் தட்டி வளைக்கவும் கைப்பழக்கம் வேண்டும். அது பட்டறையிலன்றி வேறெங்கும் வராது.

நாயுடு இவ்வுண்மையை நன்கறிந்தவர். 1937-ல் கோயமுத்தூரிலேயே மின்சார மோட்டார் உற்பத்தியாகும்படி செய்தார். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விச் சாலை நிறுவினார். செய்முறைப் பயிற்சியை முதன்மையாக்கினால் படிப்பின் வருஷங்களைக் குறைக்கலாம் என்பது அவர் கொள்கை. சர்க்கார் அதை ஏற்காமையால் விலகினார். அச்சாலையே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. 1974 ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார். 2015-ல் கோயமுத்தூரில் அவர் பெயரைத் தாங்கிப் பழங்கார்களின் காட்சிசாலையும் திறக்கப்பட்டது.

கண்டு வியப்பதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. தொழிற்சாலையில் தினமும் ஒரே திருகை முடுக்கும் வாலிபன், ஓய்வு நாளிலேனும் ஒரு பழைய யந்திரத்தைப் பிரித்துப் பூட்டிப் பார்க்கட்டும். வாங்கி ஓட்ட மட்டும் அறிந்த தேசம், பழுது நேரும்போது பிறர் வாயிலில் நிற்கும். பிரித்துப் பூட்ட அறிந்த தேசமே தன் காலில் நிற்கும்.